பதினேழு புள்ளி, பிறகு மூன்று

2025 ஜூன் 14, சனிக்கிழமை. காலை 5.10க்கு எழுந்தேன். சுவரில் மாட்டிய தினசரி காலண்டரில் முந்தைய நாள் தாளைக் கிழித்தேன். குழாயில் தண்ணீர் வந்தது; ஏழு குடம் பிடித்தேன். காபி. ஆறு மணிக்குக் குளியல். பள்ளி விடுமுறை என்பதால் ஆய்வகச் சாவியை எடுக்கவில்லை. கைப்பையில் மூக்குக் கண்ணாடி, தண்ணீர்ப் பாட்டில், சின்ன இடுக்கி ஆகியவற்றை வைத்துக்கொண்டு 7.15க்கு அரியலூரில் பெரம்பலூர் பஸ் ஏறினேன். சிமெண்ட் லாரிகளின் பின்னால் ஊர்ந்து 8.25க்குப் போய்ச் சேர்ந்தது.

இடுக்கி அக்காவுக்காக. அவளுக்கு இமை முடி உள்பக்கமாக மடிந்து வளரும். பார்க்கும்போதெல்லாம் நான்தான் ஒவ்வொன்றாகப் பிடுங்கிவிடுவேன். நாற்பத்தைந்து வருடங்களாகச் செய்கிறேன். ஏன் அப்படி வளர்கிறது என்று கேட்டால், "சின்ன வயசுல அம்மை போட்டது" என்று இருவரும் ஒரே மாதிரி சொல்வோம்.

அக்கா செட்டிகுளத்தில் வாழ்க்கைப்பட்டவள். மாமா இறந்து ஆறு வருடமாகிறது. இளைய மகனோடு இருக்கிறாள். அவனுக்கு ஆவணியில் நிச்சயம். மே மாதம் அவளுக்கு இடுப்பைச் சுற்றி அக்கி வந்தது. முதலில் குயவர் வீட்டில் காவி குழைத்து அக்கி எழுதினார்கள். கொப்புளம் காய்ந்துவிட்டது, எரிச்சல் போகவில்லை. புடவைக் கொசுவம் பட்டால்கூட நெருப்பு வைத்ததுபோல் இருக்கிறது என்றாள். அதனால்தான் பெரம்பலூரில் ஒரு தோல் மருத்துவரிடம் போனோம்.

காத்திருந்தபோது மகன் சொன்னான். "அம்மா, காவி பூசுனதையெல்லாம் டாக்டர்கிட்ட சொல்லிக்கிட்டு இருக்காத."

"ஏன், பாவாட நாடா வரைக்கும் செவப்பா இருக்கு. அவருக்குக் கண்ணு இல்லையா?" என்றாள் அக்கா.

மருத்துவர் இளைஞர். பொறுமையாகப் பேசினார். "இது வைரஸும்மா. சின்ன வயசுல வந்த அம்மை நரம்புக்குள்ள தூங்கிக்கிட்டு இருந்து, வயசானப்புறம் இப்படி எந்திரிக்கும். அம்மை போட்டிருக்குல்ல?"

"மூணு தடவை போட்டிருக்குங்க."

"மூணா?"

"ஒண்ணு நாலு வயசுல. அந்தத் தழும்புதான் நெத்தியில இருக்கு. மத்த ரெண்டும் பதினாலு வயசுல. ஒரே கோடையில."

மருத்துவரின் பேனா நின்றது. "ஒரே கோடையில ரெண்டு தடவை வராதேம்மா."

"எனக்கு வந்துச்சுங்களே."

அவர் ஒரு கணம் அக்காவின் கண்களைப் பார்த்தார். "எப்பவாவது ஏதாவது மாத்திரை ஒத்துக்காம உடம்பு தடிச்சுப் போச்சா? புண்ணு வந்துச்சா?"

"இல்லைங்க. நான் மாத்திரையே போட்டதில்லை."

அவர் எழுதினார். மகனிடம் சொன்னார், "இது வலிப்புக்குக் குடுக்குற மாத்திரைதான். நரம்பு எரிச்சலுக்கும் கேக்கும். பேரைப் பார்த்துப் பயந்துடாதீங்க. இன்னைக்கு ராத்திரியிலேருந்து ஒண்ணு, சாப்பிட்டப்புறம்."

வலிப்பு என்ற சொல் அந்த அறையில் விழுந்ததும் அக்கா என்னைப் பார்க்கவில்லை. நானும் அவளைப் பார்க்கவில்லை. வெளியே வந்தோம். வராந்தாவில் உட்கார்த்தி, இடது இமையில் இரண்டு, வலது இமையில் மூன்று முடி பிடுங்கினேன். 12.40க்கு அவர்களைச் செட்டிகுளம் பஸ்ஸில் ஏற்றிவிட்டு நான் அரியலூர் திரும்பினேன்.

என் வயதுக்காரர்களுக்கு அம்மை வீட்டைப் பற்றி விளக்க வேண்டியதில்லை. நம் கையில் அம்மை குத்திய வட்டத் தழும்பு இன்னும் இருக்கிறது. வாசலில் வேப்பிலை செருகிவிட்டால் அந்த வீட்டில் தாளிப்பு கிடையாது, செருப்பு கிடையாது, தலை வாருவது கிடையாது. "காய்ச்சல்" என்று சொல்லக்கூடாது, "ஆத்தா வந்திருக்கா" என்று சொல்ல வேண்டும். எல்லாவற்றுக்கும் மேலாக, மருந்து கிடையாது. மருந்து கொடுத்தால் வந்தவளை வெளியே போ என்று சொன்னதாக ஆகும்.

எங்கள் ஊர் கீழப்பழுவூருக்குப் பக்கம். அக்காவுக்குப் பதினாலு வயதான அந்த வருடம் அப்பா பருத்தி போட்டிருந்தார். நான் ஐந்தாம் வகுப்பு. அக்கா எட்டோடு நின்றிருந்தாள். வயதுக்கு வந்து ஆறு மாதமாகியிருந்தது. அந்த மாசி மாதத்தில் ஒருநாள், பருத்தி எடுக்கும்போது, அக்கா வரப்பில் விழுந்தாள். கையும் காலும் வெட்டி இழுத்தன. வாயில் நுரை. அப்பா துண்டை எடுத்து அவள் முகத்தை மூடினார். காற்றுப் படக்கூடாது என்பதற்காக அல்ல. பக்கத்துக் கொல்லையில் ஆள் இருந்தது. பதினைந்து நாளில் இன்னொரு முறை வந்தது. அது வீட்டுக்குள் நடந்ததால் எங்கள் நாலு பேருக்குத்தான் தெரியும்.

அப்பா அக்காவைத் திருச்சிக்கு ஒரு மருத்துவரிடம் அழைத்துப் போனார். ஊரில் சமயபுரம் போவதாகச் சொன்னார். திரும்பும்போது சத்திரம் பஸ் ஸ்டாண்டில் குங்குமப் பொட்டலம் வாங்கிவந்து, கோயில் குங்குமம் என்று எதிர்வீட்டு அத்தைக்கும் கொடுத்தார். அத்தை கண்ணில் ஒற்றிக்கொண்டாள். "பொட்டச்சி பேருல நல்லா வேண்டிக்கிட்டீங்களாண்ணே?" என்று கேட்டாள். அப்பா "ஆமா" என்றார். அப்பா பொய் சொல்லி நான் பார்த்தது அதுதான் முதல் முறை.

மாத்திரை ஒரு பழுப்புக் கண்ணாடிப் புட்டியில் வந்தது. அப்பா அதன் மேல் ஒட்டியிருந்த காகிதத்தைத் தண்ணீரில் ஊறவைத்துச் சுரண்டி எடுத்து அடுப்பில் போட்டார். யாராவது எழுத்துக் கூட்டிப் படித்துவிட்டால் என்ன செய்வது? பிறகு மாத்திரைகளைக் காலி பவுடர் டப்பாவில் கொட்டினார். அதனால் அந்த மாத்திரைக்குக் கடைசிவரை மல்லிகை வாசனை இருந்தது. அதன் பெயர் இன்றைக்கும் எனக்குத் தெரியாது. இப்போது பள்ளி ஆய்வகத்தில் இருநூற்றுச் சொச்சம் புட்டிகளுக்கு நான்தான் பெயர் எழுதி ஒட்டுகிறேன்.

மாத்திரை கொடுக்கும் வேலையை அம்மா என்னிடம் விட்டாள். நான் எதையும் மறக்க மாட்டேன் என்பது அந்த வயதிலேயே வீட்டில் பெயர். சாயங்காலம் விளக்கு வைத்ததும் ஒரு மாத்திரை, ஒரு டம்ளர் தண்ணீர். அக்கா விழுங்கியதும் வாயைத் திறந்து காட்ட வேண்டும். உடனே நான் காலண்டரில் அன்றைய தாளின் மூலையில் நீல மையால் ஒரு புள்ளி வைப்பேன். கிழித்த தாள்களைக் கட்டி வைத்திருந்தேன்.

"பெரிய நர்ஸம்மா வந்துட்டா," என்பாள் அக்கா. "வாயத் தொறந்து காட்டணுமாம். நாக்க வேணா அறுத்துக் குடுக்கவா?"

"பேசாம முழுங்கு. புள்ளி வைக்கணும்."

பதினேழு புள்ளி வைத்தேன். பதினெட்டாம் நாள் காலையில் அக்காவுக்கு உடம்பு கொதித்தது. கன்னம் வீங்கியிருந்தது. மார்பிலும் முதுகிலும் செம்புள்ளிகள். மத்தியானத்துக்குள் அவை ஒன்றோடொன்று கலந்து துணி விரித்ததுபோல் ஆயின. அம்மா கும்பிட்டாள். எதிர்வீட்டு அத்தை வாசற்படிக்கு வெளியே நின்று எட்டிப் பார்த்துவிட்டு, "தட்டம்மை மாரி இருக்கு. கொத்தா வந்திருக்கா," என்றாள். அப்பா வேப்பிலை ஒடித்துவந்து வாசலில் செருகினார். அன்று பவுடர் டப்பா பரண்மேல் போனது.

இப்போது யோசிக்கும்போது தெரிகிறது. அந்த அம்மையில் நீர் கோத்த முத்து ஒன்றுகூட இல்லை. ஊரில் வேறு எந்தப் பிள்ளைக்கும் இல்லை. கூடவே படுத்த எனக்கும் வரவில்லை. ஆறாம் நாள் தானாக வாடியது. வெங்காயத்தின் மேல்சருகுபோல் தோல் உரிந்தது. ஒன்பதாம் நாள் மூன்றாம் தண்ணீர் ஊற்றினார்கள். மஞ்சளும் வேப்பிலையும் போட்டு வெயிலில் காயவைத்த தண்ணீர். அந்த வாசனையோடு அக்கா ஈரத்தலையுடன் உட்கார்ந்து மோர்ச் சோறு சாப்பிட்டாள். சிரித்தாள்.

அடுத்த நாள் விளக்கு வைத்ததும் அம்மா பவுடர் டப்பாவை இறக்கி என்னிடம் தந்தாள். ஒன்பது வெறும் தாளுக்குப் பிறகு நான் மறுபடி புள்ளி வைத்தேன்.

மறுநாள் அக்காவின் கண் சிவந்தது. தூசி என்றார்கள். மாத்திரை, புள்ளி. அதற்கு மறுநாள் அவள் காலையிலிருந்தே சாப்பிடவில்லை. சாயங்காலம் நான் டம்ளரோடு போனபோது உதட்டைக் கையால் மூடிக்கொண்டாள்.

"இன்னைக்கி வேணாண்டி. வாயெல்லாம் எரியுது."

"ஒரு முழுங்குதான்."

"தண்ணி பட்டாலே எரியுதுடி."

"புள்ளி விட்டுப்போயிடும்க்கா."

அவள் வாங்கி விழுங்கினாள். கண்ணிலிருந்து தண்ணீர் வழிந்தது. வாயைத் திறந்து காட்டினாள். உள்ளே வெள்ளை வெள்ளையாக இருந்தது. நான் போய்ப் புள்ளி வைத்தேன்.

விடிந்தபோது அக்காவின் கண் இரண்டும் ஒட்டியிருந்தன. முதுகில் பாய் பட்ட இடமெல்லாம் தோல் கழன்று பாயோடு வந்தது. அம்மா போட்ட சத்தம் கேட்டுத்தான் நான் எழுந்தேன்.

ஒரே கோடையில் ஆத்தா இரண்டாம் முறை வந்தால் அதற்குக் காரணம் இருக்க வேண்டும். வீட்டில் எல்லோரும் காரணம் தேடினார்கள். எதிர்வீட்டு அத்தை என்னைக் கண்டுபிடித்தாள். முதல் தண்ணீருக்கு மறுநாள் நான் பள்ளித்தோழி வீட்டில் ஒரு துண்டு வறுத்த கருவாடு தின்றிருந்தேன். அதை அத்தையின் மகள் பார்த்திருக்கிறாள்.

"அம்மை வூட்டுப் பொண்ணு கருவாடு திங்குதே, ஆத்தா சும்மா இருப்பாளா? வாய அடக்க முடியலையாடி உனக்கு?" என்று அத்தை தெருவில் நின்று கேட்டாள். அம்மா என்னை அடிக்கவில்லை. என் முகத்தையே பார்த்தாள். அது அடியைவிட மோசம். மறுநாள் வேப்பிலையைச் சேலையாகக் கட்டி என்னை மாரியம்மன் கோயிலை மூன்று முறை சுற்றவைத்தார்கள். சித்திரை வெயில். இலைக்காம்புகள் இடுப்பில் குத்தின. வீட்டுக்கு வந்து பார்த்தால் வயிற்றில் சிவப்புச் சிவப்பாகக் கோடுகள். எனக்கும் வந்துவிட்டது, அக்காவுக்குப் பதிலாக என்னை எடுத்துக்கொள்ளட்டும் என்று சந்தோஷப்பட்டேன். சாயங்காலத்துக்குள் அவை மறைந்துவிட்டன.

அன்றிலிருந்து இன்றுவரை நான் கருவாடு தொட்டதில்லை.

அம்மா தன் பங்குக்கு வேறொன்றைச் சுமந்தாள். மூன்றாம் தண்ணீருக்கு முன்பே ஒருமுறை மறதியாகக் கடுகு தாளித்துவிட்டாளாம். அப்பாவின் கணக்கு இன்னும் பெரியது. அக்கா தண்ணீர்கூட விழுங்க முடியாமல் கிடந்தாள். வாழையிலையில் வெண்ணெய் தடவி அதன்மேல் படுக்க வைத்திருந்தோம். கொல்லைப் பருத்தியைத் திரித்து இளநீரில் நனைத்து நான் அவள் உதட்டில் சொட்டவிடுவேன். அப்போது அடுத்த அறையில் அம்மா சொன்னது கேட்டது.

"ஏங்க, பெரியாஸ்பத்திரிக்குத் தூக்கிக்கிட்டுப் போயிடலாங்க. புள்ள போயிடும்போல இருக்கு."

அப்பா சொன்னார், "ஆத்தா பேரச் சொல்லிப் பொய் சொல்லிட்டுப் போனேன். கடையில வாங்குன குங்குமத்த அவ குங்குமம்னு குடுத்தேன். அதுக்குத்தான் வந்திருக்கா. இப்ப அவ முன்னாடியே ஆஸ்பத்திரிக்குத் தூக்குனா, மிச்ச உசுரையும் விட்டு வைப்பாளா?"

அப்பா படிக்காதவர் அல்ல. வலிப்புக்குப் பேய் ஓட்டாமல் திருச்சிக்கு அழைத்துப் போனவர். அவரைத் தடுத்தது அந்தக் குங்குமப் பொட்டலம். வீட்டில் ஆளுக்கொரு குற்றம் வைத்திருந்தோம்: பொய், கடுகு, கருவாடு. அவற்றை எண்ணிக்கொண்டிருந்தோம். மாத்திரையை யாரும் எண்ணவில்லை.

அக்கா பிழைத்தாள். இருபத்தாறு நாள் கிடந்தாள். கை நகங்கள் பத்தும் விழுந்து முளைத்தன. கண் திறந்தது, ஆனால் வெளிச்சம் பட்டால் கூசும்; இமை முடி உள்பக்கமாக மடிந்து முளைத்தது. அழுதால் கண்ணீர் வராது. வலிப்பும் அதன்பிறகு வரவேயில்லை. சில பிள்ளைகளுக்கு அது தானாக நின்றுவிடும் என்று பின்னாளில் படித்தேன். எங்கள் வீட்டில் அன்று சொன்னது வேறு. "ஆத்தா வந்து வலிப்பையும் வாங்கிட்டுப் போயிட்டா." அப்பா பவுடர் டப்பாவை ஏரியில் எறிந்தார். பத்து வருடம் கழித்து அக்காவுக்குக் கல்யாணம். மாமாவிடம் அம்மை என்று மட்டும் சொன்னோம். அது பொய் என்று எங்களில் யாருக்கும் தெரியாது. கட்டி வைத்திருந்த காலண்டர் தாள்களை அம்மா எப்போதோ அடுப்பு பற்றவைக்க எடுத்துவிட்டாள்.

14ஆம் தேதி மத்தியானம் பஸ்ஸில் என் மனதில் ஓடியவை அந்தத் தாள்கள்தான். மாத்திரை ஒத்துக்காமல் உடம்பு தடித்ததா என்று மருத்துவர் கேட்டதைப் பிடித்துக்கொண்டு, ஒவ்வொன்றாகப் புரட்டினேன். பதினேழு புள்ளி, உடம்பு தடித்தது. ஒன்பது வெறும் தாள், வாடியது. மூன்று புள்ளி, தோல் கழன்றது. ஆய்வகத்தில் பதினொன்றாம் வகுப்புப் பிள்ளைகூட இதை வைத்து விடை எழுதிவிடும். எனக்கு நாற்பத்தைந்து வருடம் ஆகியிருக்கிறது. வீட்டுக்கு வந்து வெகுநேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். நான் சொன்னால் அந்த ரகசியம் மகன் காதுக்குப் போகும். அங்கிருந்து சம்பந்தி வீட்டுக்கு. சொல்லாவிட்டால் எட்டு மணிக்கு அக்கா சாப்பிட்டதும் மாத்திரை.

6.40க்குப் போன் செய்தேன்.

"அக்கா, அந்த மாத்திரையப் போடாத."

"ஏன்டி? அவன் எடுத்து மேசைமேல வச்சிருக்கான்."

"அன்னைக்கு உனக்கு வந்தது அம்மை இல்லக்கா. வலிப்பு மாத்திரைதான் ஒத்துக்கல. ரெண்டாவது தடவ மறுபடி குடுத்தோம், அதனாலதான் அவ்வளவு மோசமா ஆச்சு. இதுவும் அதே சாதி மாத்திரை."

அவள் குரலைத் தாழ்த்தினாள். "மெதுவாப் பேசு. பக்கத்துல இருக்கான். ஆவணியில நிச்சயம். வலிப்பு இருந்த குடும்பம்னு பொண்ணு வூட்டுக்குத் தெரிஞ்சா என்னாகும்? அவனுக்குத் தெரியாம மாத்திரையத் தூக்கிப் போட்டுடறேன். வுடு."

"அடுத்த தடவை வேற டாக்டர் கேப்பார். நெனவில்லாம கிடந்தா யார் பதில் சொல்லுவா? அவன்தானே?"

நான் புள்ளிகளைச் சொன்னேன். பதினேழு, ஒன்பது, மூன்று. முடித்ததும் அவள் கேட்டாள்:

"மூணாவது நாளு வாய் எரியுதுன்னு சொன்னேன். நெனவிருக்கா ஒனக்கு?"

"இருக்குக்கா."

"புள்ளி விட்டுப்போயிடும்னு நின்ன."

"ஆமாக்கா."

"நான் முழுங்கிட்டேன். நீ அழுதுடுவியோன்னு. கருவாடு தின்னதுக்கு ஒன்ன அந்த வெயில்ல சுத்தவிட்டாங்களேடி, பாவிங்க."

அவள் போனை வைக்கவில்லை. மகனைக் கூப்பிடுவது கேட்டது. "டேய், இங்க வா. அந்த மாத்திரை எனக்கு ஆகாது. பதினாலு வயசுல எனக்கு வலிப்பு இருந்துச்சு. ஒங்கப்பாவுக்குக்கூடத் தெரியாது."

மகன் போனை வாங்கினான். "என்ன சித்தி, டாக்டரு அவ்வளவு கேட்டாரு, ரெண்டு பேரும் கல்லு மாரி ஒக்காந்திருந்தீங்க?"

"தப்புதான் தம்பி."

"நாளைக்கு ஞாயித்துக்கெழமை பன்னெண்டு மணி வரைக்கும் இருப்பாராம். நீங்களும் வாங்க. பொண்ணு வூட்டுல நான் பேசிக்கிறேன்." பிறகு மெதுவாகக் கேட்டான், "கண்ணு அதனாலதானா?"

"அதனாலதான்."

போனை வைத்தபோது மணி 7.05. சாப்பிட்டேன். எட்டு மணி அடித்தபோது செட்டிகுளத்தில் அந்த மாத்திரை மேசைமேல் கிடக்கும் என்று நினைத்துக்கொண்டேன்.

ஜூன் 15, ஞாயிற்றுக்கிழமை. 5.10க்கு எழுந்தேன். தண்ணீர் பிடிக்கவில்லை. முதல் வேலையாக 14ஆம் தேதித் தாளைக் கிழித்தேன். மூலையில் புள்ளி இல்லாத தாள். அதைத் திருப்பிப் போட்டு, ஆய்வகப் புட்டிகளுக்கு எழுதும் அதே பெரிய எழுத்தில் மருத்துவருக்காக எழுதினேன். அக்காவின் பெயர். வயது அறுபது. வலிப்பு மாத்திரை ஒத்துக்கொள்ளாது. பதினாலு வயதில் இரண்டு முறை. அம்மை அல்ல. மாத்திரையின் பெயர் தெரியாது. அதற்குக் கீழே ஒரு வரிக்கு இடம் இருந்தது. 'கொடுத்தது: தங்கை' என்று எழுதினேன்.